பிளைமவுத்துக்கு நான் வரத் தேவையில்லையாம்

புரட்டாசி, வியாழன் இரவு. சட்டன், லண்டன்.

அக்காவின் மகள் வதனிக்கு ஏஜென்சி நேர்ஸ் வேலை கிடைத்துவிட்டது. மூன்று மாதத்துக்கு ஓர் ஊர். முதல் ஊர் பிளைமவுத். "நீங்கள் வந்து பிள்ளையைப் பார்த்தால்தான் சித்தி, நான் இந்த வேலையை எடுப்பன்" என்று போன மாதம் என் கையைப் பிடித்துக் கேட்டவள் அவள்தான். அதை நம்பி, கோயிலில் வெள்ளிக்கிழமைகளில் நான் மாலை கட்டும் இடத்தைக்கூட லீலாக்காவுக்குக் கொடுத்துவிட்டேன். அந்த மனிசி இனி அங்கிருந்து எழும்ப மாட்டா.

இன்று அவர்களுக்கென்று கறித்தூளுக்கு மிளகாய் வறுத்துக்கொண்டு நின்றேன். வதனியிடமிருந்து போன் வந்தது.

"சித்தி, அங்கை ஒரு அறையுள்ள பிளாட்தான் தந்திருக்கினம். இவருக்கும் வீட்டிலை இருந்து வேலை செய்ய ஓமெண்டிட்டினம். பிள்ளையை அவரே பாப்பார். நீங்கள் ஏன் வீணா அலையுறியள்?"

"எப்ப தெரியும் பிள்ளை?"

"ரெண்டு கிழமையாத் தெரியும். சொல்ல மறந்துபோனன்."

மறந்துபோனாளாம்! நோயாளிக்கு ஊசி போடவும் இப்படித்தான் மறப்பாளோ? "நல்லது பிள்ளை, சந்தோஷம்" என்றேன். முருகா, நீதான் சாட்சி.

அதோடு விட்டாளா?

"தூளை மட்டும் இவரிட்டைக் குடுத்துவிடுங்கோ. திங்கள்தான் முதல் ஷிப்ட், பயமாக் கிடக்கு சித்தி. என்ரை பேரிலை ஒரு அர்ச்சனை செய்யுங்கோ."

"ஓம்" என்று சொல்லிவிட்டேன். நாளைக்குக் கோயிலுக்குப் போவேன். குழந்தையின் பெயரையும் நட்சத்திரத்தையும் ஐயரிடம் சொல்வேன். தாயின் பெயரைச் சொல்வதா விடுவதா என்று அங்கே போய்த்தான் யோசிக்க வேண்டும்.