வருசா வருசம் நீ போன கரை

என் ராசா முருகேசா,

உன் பெண்டாட்டி செல்வியை நான் கடற்கரையில் என்ன பாடுபடுத்தினேன் என்று ஊரில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். தண்ணிக்குள் தள்ளிவிடப் பார்த்தேன் என்றுகூட குழாயடியில் ஒருத்தி சொன்னாளாம். அது உன் காதுக்கு வந்து சேருவதற்குள் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். நீ இருந்த காலத்தில் உன்னைப் பற்றிய புகார் எல்லாம் முதலில் என்னிடம்தானே வரும். இப்போது என்னைப் பற்றிய புகாரை நீ கேள்.

ஆரம்பித்து வைத்தவன் நீதான். தீபாவளி லோடு எல்லாம் ஏறி முடிந்து பட்டாசுக் கம்பெனி மூடியதும் அந்த நீலப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாய். "எங்கனலே போற?" என்று கேட்டால், "கடற்கரையோரமா நடக்கப் போறேன்க்கா" என்பாய். வைப்பாறு கடலில் சேருகிற இடத்தில் இருந்து வேம்பார்ப் பக்கமாக மணலிலேயே நடப்பாயாம். ரோடு கிடையாது, கடை கிடையாது, போனுக்கு டவர் கிடையாது என்று பெருமையாகச் சொல்லுவாய். ஒரு வாரம், பத்து நாள் கழித்து முகம் கறுத்து, கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய் வந்து நிற்பாய். மணலைப் பார்க்கப் போனவன் இப்படியா வருவான் என்று நாங்கள் சிரிப்போம். நீயும் சேர்ந்து சிரிப்பாய்.

நீ உயிரோடு இருந்தவரை செல்வி உன்னை ஒரு கேள்வி கேட்டதில்லை. வெம்பக்கோட்டை ரோட்டில் லாரியில் அடிபட்டு நீ போன பிறகுதான் என்னிடம் வந்து கேட்டாள். அப்போது நான் வீட்டில் தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"மதினி, உங்க தம்பிக்கு அங்கன இன்னொரு குடும்பம் இருந்துச்சா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அவளைக் கண்டபடி திட்டினேன். ஆனால் ஏலே, இல்லை என்று அடித்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது அவளுக்கும் தெரிந்துவிட்டது.

"இருந்தா இருந்துட்டுப் போகட்டும் மதினி. தெரிஞ்சுட்டா ஒரு வழியா அழுது முடிப்பேன். இப்ப அவரு போனதுக்கு அழுகுறேனா, ஏமாந்ததுக்கு அழுகுறேனான்னே தெரியல" என்றாள்.

இந்தத் தீபாவளி முடிந்து கம்பெனி மூடியதும் உன் பையை அவள் மாட்டிக்கொண்டாள். நீ நடந்த வழியே நடந்து, வழியில் இருக்கிறவர்களிடம் எல்லாம் விசாரிக்கப் போகிறாளாம். தடுத்துப் பார்த்தேன், முடியவில்லை. துணைக்கு வருகிறேன் என்று நானும் கிளம்பினேன். துணைக்கு மட்டும் இல்லை என்பதை உன்னிடம் மறைப்பானேன்? அங்கே உனக்கு ஒரு வீடு இருந்தால் அதை அவளுக்கு முன்னால் நான் பார்த்துவிட வேண்டும். பார்த்து என்ன செய்வேன் என்று அப்போது எனக்கே தெரியாது.

நமக்கு லீவு கிடைக்கிற மாசம் கடலுக்குக் கோபம் வருகிற மாசமாக இருக்கிறது. வானம் கறுப்பாகவே கிடந்தது. முதல் ஊரில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் எங்கள் இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தார். "பொம்பளையாளுகளாப் போறீக. ஓடையில எறங்குனா காலைத் தூக்கி வைக்காதீக, தரையோட தேச்சு தேச்சு நடங்க. திருக்கை மீனு மணலுக்குள்ள படுத்துக் கெடக்கும். குத்திருச்சுன்னா பொறுக்குற சூட்டுல சுடுதண்ணியில காலை வச்சிருங்க. வேற எதுக்கும் அந்த வலி அடங்காது" என்றார். சரி சரி என்று தலையாட்டிவிட்டு நடந்தோம்.

அன்றைக்கு முழுக்க ஒரு மனுசரைக்கூடப் பார்க்கவில்லை. ஒரு பக்கம் அலை, இன்னொரு பக்கம் உடைமரமும் பனையும். மணலில் கால் புதைந்து தொடை இரண்டும் கடுத்தது. பொழுது சாயும் நேரத்தில் ஒரு மேட்டில் தார்ப்பாயை விரித்துப் பையைப் பிரித்தேன். அரிசி, பருப்புப்பொடி, ஊறுகாய், சட்டி என்று எல்லாம் நான் பார்த்துப் பார்த்து எடுத்து வைத்ததுதான். விறகுகூடப் பொறுக்கி வந்து அடுக்கிவிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, தீப்பெட்டி இல்லை.

எப்படி இருக்கும்? இத்தனை வருசமாக நான் பை எடுத்து வைப்பது கம்பெனிக்குத்தானே. கேட்டில் தடவிப் பார்த்துத்தானே உள்ளே விடுகிறார்கள். அடுப்படியில் இருக்கிற தீப்பெட்டியை எடுத்துப் பைக்குள் போட இந்தக் கைக்குத் தோன்றவே தோன்றாது. செல்வி கைக்கும் அப்படித்தான்.

"மதினி, நாட்டுக்கே தீப்பெட்டி குடுக்குற ஊருக்காரிக நாம" என்று செல்வி சொல்லிவிட்டுச் சிரித்தாள். நீ போன பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். இருந்த அவலை நனைத்துத் தின்றுவிட்டுப் படுத்தோம்.

மறுநாள் மத்தியானம் ஒரு ஓடை குறுக்கே வந்தது. மழைத்தண்ணி இறங்கிக் கலங்கலாக, முழங்காலுக்கு மேல் ஓடியது. நான் முன்னால் காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்து கரையேறிவிட்டேன். செல்வி பாதியில் வரும்போது தண்ணி அவளை ஒரு இழுப்பு இழுத்தது. விழுந்துவிடாமல் நிற்க ஒரு காலைத் தூக்கி வைத்தாள்.

அவள் போட்ட சத்தத்தை நான் கம்பெனியில்கூடக் கேட்டதில்லை. ஓடிப்போய் இழுத்து வந்தேன். கணுக்காலுக்குக் கீழே கிழிந்து ரத்தம் கொட்டியது. முந்தானையைக் கிழித்து இறுக்கிப் பிடித்தேன். ரத்தம் கொஞ்சம் கட்டுப்பட்டது, வலி கட்டுப்படவில்லை. முழங்கால், தொடை என்று ஏறிக்கொண்டே போனது. வேர்த்துக் கொட்டி, வாந்தி எடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு மணலில் புரண்டாள். போனை எடுத்தால் டவர் இல்லை. சட்டி இருக்கிறது, தண்ணி இருக்கிறது, காய்ந்த சுள்ளி இருக்கிறது. பற்றவைக்க ஒரு குச்சி இல்லை. நேற்று இதற்குத்தான் சிரித்தோம்.

பனைக்கூட்டத்துக்கு அந்தப் பக்கம் தூரத்தில் புகை தெரிந்தது. இவளை விட்டுவிட்டு எப்படிப் போவது? தூறல் வேறு விழ ஆரம்பித்தது, தார்ப்பாயை எடுத்து அவள்மேல் போர்த்தினேன். மயங்கி விழுந்தால் யார் பார்ப்பார்கள்?

செல்விதான் என் கையைத் தட்டிவிட்டாள். "ஓடுங்க மதினி. திரும்பிப் பாக்காம ஓடுங்க."

கம்பெனியில் சேர்ந்த அன்றைக்கு நமக்கு முதலில் சொல்லிக் கொடுப்பது அதுதானே, முருகேசா. சத்தம் கேட்டால் ஓடு, யாருக்காகவும் திரும்பாதே. நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓடினேன். கொஞ்ச தூரத்துக்கு மேல் தார்ப்பாயின் நீலம் மட்டும்தான் தெரிந்தது.

ஒற்றை ஓலை வீடு. வாசலில் ஒரு பெண்பிள்ளை மீன் அறுத்துக்கொண்டிருந்தாள். செல்வி வயசுதான் இருக்கும். "தாயி, ஒரு தீப்பெட்டி குடு. எங்கூட வந்த புள்ளைய திருக்கை குத்திருச்சு" என்றேன். கத்தியைப் போட்டுவிட்டு எழுந்தாள். "எந்த ஊரு அக்கா?" என்றாள். சிவகாசிப் பக்கம் என்றேன்.

"சிவகாசியா? முருகேசன் ஊரா?"

அவள் முகத்தைப் பார்த்தேன். அவளைத் தாண்டி வீட்டுக்குள் பார்த்தேன். கொடியில் ஒரு சின்னப் பாவாடை காய்ந்துகொண்டிருந்தது. உன்னை அந்த நிமிசம் நான் வைதது எல்லாம் எழுத்தில் வராது. பாவி, இப்படியாடா செய்வாய்?

தெரியாது என்று சொல்லிவிட்டுத் தீப்பெட்டியை மட்டும் வாங்கிக்கொண்டு நான் திரும்பியிருக்கலாம். சாகிறவரை செல்விக்குத் தெரியாமல் போயிருக்கும். ஆனால் தூறல் பிடித்துவிட்டது, சுள்ளி நனைந்திருக்கும். நான் ஒருத்தியாகப் போய் என்ன கிழிக்க முடியும்? அவளோ அதற்குள் காய்ந்த ஓலையை ஒரு கட்டாகக் கட்டி, பிளாஸ்டிக் பையில் சுற்றி, தலையில் வைத்துக்கொண்டு நின்றாள். வருகிறது வரட்டும், முதலில் பிள்ளை பிழைக்கட்டும் என்று நினைத்தேன். "வா தாயி" என்றேன்.

நாங்கள் போனபோது செல்வி உதட்டைக் கடித்துப் புண்ணாக்கியிருந்தாள். அந்தப் பெண், அந்தோணியம்மாள் என்று பேர், மூன்று கல்லை வைத்து நொடியில் மூட்டினாள். தண்ணியில் என் கையை விட்டு விட்டுச் சூடு பார்த்து, செல்வி காலை உள்ளே வைத்தேன். ஆற ஆற மாற்றினோம். கொஞ்சம் கொஞ்சமாக அவள் முறுக்கு விட்டது, மூச்சு ஒழுங்காக வந்தது. செல்வி கண்ணைத் திறந்து பார்த்தபோது அந்தோணியம்மாள் உன் நீலப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதை அவள் கவனித்துவிட்டாள்.

"எம் புருசன் பை அது. இங்கன வந்து அவரு என்ன செஞ்சாரு? மறைக்காமச் சொல்லுங்க."

"ஏன், அவுக வரலையா?"

"செத்துப் போயிட்டாரு."

அந்தோணியம்மாள் மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சிலுவை போட்டுக்கொண்டாள். நான் செல்வி தோளைப் பிடித்துக்கொண்டேன். இன்னும் ஒரு வார்த்தையில் இவள் உடையப் போகிறாள் என்று நினைத்தேன்.

"எங்க வீட்டுக்காரரு கூட வள்ளத்துல போவாக" என்றாள் அவள். "தொழில் படிக்கணும்னு வருவாக. கரையத் தாண்டுறதுக்குள்ள வாந்தி எடுத்துருவாக. கொண்டாந்து எறக்கிவிட்டா நாள் பூரா மணல்ல மல்லாந்து கெடப்பாக. கஞ்சி குடுத்தா அதுவும் தங்காது. மறுநா விடிய முன்னாடி, நானும் வாரேன்னு வள்ளத்துக்கிட்ட வந்து நிப்பாக. உமக்கு ஒத்துக்கலைய்யா, ஏன் இந்தப் பாடுன்னு எங்க வீட்டுக்காரரு கேட்டா, 'வீட்டுல ரெண்டு பொம்பளையாளுக பட்டாசு மருந்துக்குள்ள கெடக்காக. ஒரு தொழில் கையில வந்துட்டா இங்கன கூட்டிட்டு வந்துருவேன்'பாக. வருசா வருசம் இதே கூத்துதான்."

"ரெண்டு பேரா?" என்று நான்தான் கேட்டேன்.

"பெண்டாட்டியும் அக்காவும்னு சொன்னாக."

செல்வி முதலில் சிரித்தாள். சுடுதண்ணிச் சட்டிக்குள் காலை வைத்துக்கொண்டு, நீ வாந்தி எடுத்த கதையைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டுச் சிரித்தாள். அப்புறம் என் மடியில் முகத்தை வைத்து அழுதாள். நானும் அழுதேன். சந்தேகப்பட்டதற்கு மன்னித்துக்கொள் என்று கேட்கமாட்டேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? கேலி பண்ணுவோம் என்று பயந்தாயா? பண்ணியிருப்போம்தான். பண்ணிவிட்டு உன்கூடவே வந்திருக்கமாட்டோமா?

சாயங்காலம் அவள் வீட்டுக்காரர் வள்ளத்தில் ஏற்றிப்போய் ரோடு இருக்கிற ஊரில் இறக்கிவிட்டார். கவர்மெண்டு ஆஸ்பத்திரியில் முள்ளின் துண்டை எடுத்துத் தையல் போட்டார்கள். இன்னும் கொஞ்சம் தாங்கித்தான் நடக்கிறாள். ஆனால் வள்ளத்தில் அவளுக்கு வாந்தி வரவில்லை, அதை உன்னிடம் சொல்லச் சொன்னாள்.

ஊருக்குத் திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே ஒன்று சொன்னாள்.

"மதினி, அந்த வீட்டுல அவருக்கு ஒரு குடும்பம் இருந்திருந்தா நீங்க எங்கிட்ட சொல்லியிருக்க மாட்டீக. பொய்தான் சொல்லுவீக. எனக்குத் தெரியும்."

நான் அவள் காலை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

"அப்படி ஒண்ணு இருக்கா இல்லையான்னு தெரியாமயே நீங்க அந்தப் பொண்ணைக் கையோட கூட்டிட்டு வந்தீக பாருங்க. அவருக்காக எம்புட்டு வேணும்னாலும் மறைப்பீகன்னு நெனச்சேன். அதுக்கு மேல என் கால்தான் பெருசுன்னு வந்துட்டீக."

பொங்கல் முடிந்து கம்பெனி திறந்துவிட்டார்கள். காலையில் வேன் வந்து நின்றபோது செல்வி வரவில்லை. அச்சாபீசில் பைண்டிங் வேலைக்குப் போகிறாள். நான் ஏறினேன். உன்னிடம் பொய் சொல்லமாட்டேன், எனக்கு இந்தக் கை வேலையைத் தவிர வேறொன்றும் தெரியாது என்று பயந்து ஏறினேன். இப்போதும் தினமும் ஏறுகிறேன். ஏறும்போதெல்லாம், குடல் வெளியே வருகிற மாதிரி கக்கிவிட்டு மறுநாளும் வள்ளத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கிற உன்னை நினைத்துக்கொள்கிறேன்.

பைண்டிங்கில் எனக்கும் ஒரு இடம் கேட்டு வைத்திருக்கிறாள் செல்வி. தப்புத் தப்பாக மடிப்பேன், திட்டு வாங்குவேன், சின்னப் பிள்ளைகள் சிரிக்கும். இருந்தாலும் இந்த சீசன் முடியும் முன்னால் வேனில் ஏறுவதை நிறுத்திவிடுவேன், முருகேசா. இரண்டு பேரையும் மருந்தில் இருந்து வெளியே கொண்டுவரத்தானே நீ அந்தக் கடலில் அம்புட்டுப் பாடுபட்டாய். ஒருத்தி வந்துவிட்டாள். இன்னொருத்தியும் வந்துவிடுவாள், இது உன்மேல் சத்தியம்.

உன்னை இடுப்பில் தூக்கிச் சுமந்தவள்,
உன் பேச்சி அக்கா