எல்லாரும் பச்சை

அன்புள்ள மகளுக்கு,

இங்கே நானும் அப்பாவும் சுகம். அப்பாவின் முழங்கால் வலி அப்படியேதான், அதைப் பற்றிய பேச்சு மட்டும் வளர்ந்திருக்கிறது. அங்கே நீ நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன்.

எங்கள் பள்ளியில் இந்த வருடம் பிள்ளைகளுக்கு மனதைக் கையாளக் கற்றுக்கொடுக்கிறோம். ஆசிரியர்களுக்கு அரை நாள் பயிற்சி, அது முடிவதற்குள் இரண்டு பேர் மைக்குக்காகச் சண்டை போட்டாகிவிட்டது. காலையில் பிள்ளைகள் தங்கள் பெயருக்கு நேரே வட்டம் ஒட்ட வேண்டும், அமைதியென்றால் பச்சை, கோபமோ அழுகையோ வலியோ என்றால் சிவப்பு. சிவப்பு ஒட்டிய பிள்ளையோடு நாங்கள் உட்கார்ந்து பேச வேண்டும். நல்ல யோசனைதான், ஆனால் தலைமையாசிரியைக்குப் போட்டி இல்லாமல் எதுவும் ருசிக்காது. வாரம் முழுக்கப் பச்சையாக இருக்கும் வகுப்புக்குக் கோப்பை என்றார். கேட்க வேண்டுமா, என் ஏழு வயதுப் பிள்ளைகள் முப்பத்திரண்டு பேரும் ஒரே நாளில் ஞானிகளாகிவிட்டார்கள். மூன்று வாரம் கோப்பை எங்களுக்குத்தான். உன் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை.

போன வியாழன் எங்கள் வகுப்பு வாயாடி சிவப்பை எடுக்கப் போனாள். "யோசிச்சு ஒட்டு கண்ணு, நாளைக்குக் கோப்பை" என்றேன். எவ்வளவு பக்குவமான ஆசிரியை பார். பச்சை ஒட்டினாள். காலை முழுக்க வாயே திறக்கவில்லை, அதற்குப் பாராட்டும் வாங்கினாள். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தபோதுதான் மணிக்கட்டு வீங்கியிருந்ததைப் பார்த்தேன். காலையில் படியில் விழுந்திருக்கிறாள், எலும்பில் விரிசல். ஏன் சொல்லவில்லை என்றால், "கோப்பை போயிடும்ல மிஸ்" என்கிறாள். தலைமையாசிரியையோ, "பச்சைதானே ஒட்டியிருக்கா, அப்ப நம்ம தப்பு இல்லை" என்றார். சிவப்பைத் தடுத்தது நான்தான் என்று அவள் அம்மாவிடம் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு மகளை அழைத்துக்கொண்டு போனார், திட்டியிருந்தால் நிம்மதியாக வீட்டுக்கு வந்திருப்பேன்.

திங்களன்று கோப்பையைத் திருப்பிக் கொடுத்தேன். "உணர்ச்சிவசப்பட்டு முடிவெடுக்காதீங்க டீச்சர்" என்று அறிவுரை கிடைத்தது. வகுப்பில் விஷயத்தைச் சொன்னதும் பதினொரு சிவப்பு, அதில் மூன்று கோப்பை போன துக்கம். வாயாடி மாவுக்கட்டோடு வந்து இடது கையால் சிவப்பு ஒட்டினாள். வலிக்கிறதா என்றேன். "வலிக்கலை மிஸ், உங்க மேல கோபம்" என்றாள். அரை நாள் பயிற்சியில் இதற்குப் பதில் சொல்லித்தரவில்லை. பாடத்தை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, குறுக்கே பேசாமல், அவள் முடிக்கும்வரை திட்டு வாங்கினேன்.

பல் டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடாதே. எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும்.

என்றும் உன் நினைவோடு,
அம்மா