கையைக் கடிக்காத கணக்கு

பாப்பாவுக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், என் முழங்காலைத் தவிர. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, ஈரத் தலையோடு படுக்காமல் நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். போனிலேயே சொல்லக்கூடாதா, எதற்குக் கடிதம் என்பாய். போனில் பேசினால் உங்கப்பா பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார், இது அவரைப் பற்றிய சமாசாரம்.

சிநேகிதர்களோடு சேர்ந்து நாடகம் போடுகிறேன் என்று கிளம்பியதிலிருந்து தினம் சாயங்காலம் உன்னைக் கூப்பிட்டு, எத்தனை டிக்கெட் விற்றால் கையைக் கடிக்காது என்று கேட்டாரே, நீயும் ஆபீஸ் விட்டு வந்த அலுப்போடு பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாயே. ஹால், மைக், லைட்டுக்குப் பன்னிரண்டாயிரம், ஒருத்தர் வந்தாலும் ஊரே வந்தாலும் அது மாறாதுப்பா, டிக்கெட் நூறு, அதில் ஆளுக்கு டீ பிஸ்கட் இருபது போனால் நிற்பது எண்பது, பன்னிரண்டாயிரத்தை அதால் வகுத்தால் நூற்றைம்பது டிக்கெட் என்று. அவர் ஒருநாள் டீயை மறந்து நூற்றிருபது என்பார், மறுநாள் மைக் வாடகையை ஆள்கணக்கில் பெருக்கி உன்னைச் சிரிக்க வைப்பார். அடி அசடே, தலை நரைக்கும்வரை தியேட்டர் டிக்கெட் கவுன்டரில் உட்கார்ந்த மனுஷனுக்கா இது தெரியாது? ஹாலைப் பார்க்கப் போன முதல் நாளே, நூத்தம்பது சீட் போச்சுன்னா தப்பிச்சோம்யா என்று மைக்செட்காரரிடம் என் எதிரில்தான் சொன்னார். அன்று சாயங்காலமே உன்னைக் கூப்பிட்டு, ஒண்ணுமே புரியலம்மா என்று ஆரம்பித்தாரே, நாடகத்தில் அவருக்குத்தான் முதல் வேஷம் கொடுத்திருக்க வேண்டும். ஏன் இப்படி என்று கேட்டேன். சும்மா கூப்பிட்டா வேலையா இருக்கேன்னு வெச்சிடுறா, கணக்குன்னா அரை மணி நேரம் பேசுறாளே என்றார். மறுநாளிலிருந்து நானும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன், நீ அவரைத் திட்டுவதைக் கேட்க.

இன்று காலை இஸ்திரிக்காரர் குடும்பத்தோடு வருகிறேன் என்று நாலு டிக்கெட் வாங்கினார், நூற்றைம்பது தாண்டிவிட்டது. நாடகக்காரர்கள் வாசலில் ஒரே விசில். உங்கப்பா மட்டும் கப்பல் கவிழ்ந்த மாதிரி உன் அறையில் போய் உட்கார்ந்துகொண்டார். நாடகத் துணியெல்லாம் உன் கட்டிலில்தான் குவிந்து கிடக்கிறது, மடிக்கிறேன் பேர்வழி என்று ஒரே சட்டையைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தார். நஷ்டத்திலிருந்து தப்பித்தவர் முகமா அது! இனிமே அவகிட்ட என்னத்தக் கேக்குறது என்று என்னைக் கேட்டார்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது நாடகமே முடிந்திருக்கும். அதனால் நீ ஒன்று செய்யடி கண்ணு. வீட்டு வாடகையோ கரண்ட் பில்லோ, ஏதோ ஒரு கணக்கு இடிக்கிறது என்று நீயாகவே கூப்பிட்டு அப்பாவைக் கேள். தப்புத் தப்பாகப் போடு. அவர் சொல்லச் சொல்லச் சட்டென்று புரிந்துகொண்டுவிடாதே.

நோய்நொடி இல்லாமல் மகராசியாக இரு. நான் எழுதியது அவருக்குத் தெரிய வேண்டாம். எனக்குக் கணக்கெல்லாம் வராது, போனை வைக்கும் முன்னால் அம்மா எங்கே என்று மட்டும் கேள், பக்கத்தில்தான் இருப்பேன்.

உன் அம்மா