உங்கள் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்?

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. இடுப்பு வலியையும் கண் எரிச்சலையும் கணக்கில் சேர்க்காவிட்டால் நான் நலம்தான். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும், எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். போனில் பேசினால் நீ ஒன்று சொல்ல நான் ஒன்று சொல்ல பேச்சு தடித்துப் போகிறது, அதனால்தான் கடிதம். இதில் நீ குறுக்கே பேச முடியாது பார்.

உன் ஊர் மொழித் தேர்வில் இரண்டாவது தடவையும் தேறவில்லை என்று நான் சொன்னதும், "உனக்கு இங்க வர இஷ்டமே இல்லம்மா, அதான் வேணும்னே கோட்டை விடுற" என்றாய். நான் போனை வைத்துவிட்டேன். கோபம் இல்லை, கோபப்படுவதற்குக்கூடத் தெம்பு வேண்டுமே. பிரசவ நேரத்தில் அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நீ நினைப்பதும், அந்தத் தேர்வில் தேறினால்தான் உன்னோடு வந்து தங்க அனுமதி கொடுப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியாதா என்ன? அதனால் நடந்ததை ஒன்று விடாமல் சொல்லிவிடுகிறேன், பிறகு நீ என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்.

காலையில் தையல் கடைக்குப் போனால் இப்போது பள்ளிச் சீருடை சீசன், கால்சட்டைக்கு மடிப்பு அடித்தே முதுகு ஒடிகிறது. அங்கிருந்து நேரே வகுப்புக்கு ஓடுவேன். உட்கார்ந்ததும் கண் சொருகும். ஊசி, நூல், கத்தரி, பொத்தான் இதற்கான வார்த்தைகள் எல்லாம் ஒரே நாளில் வந்துவிட்டன, கையில் எடுக்கும்போதே வாய்க்குள் சொல்லிப் பார்ப்பேன், கை மறந்தாலும் வாய் மறக்காது. ஆனால் பொறுப்பு, வாய்ப்பு, சூழ்நிலை இந்த மாதிரி வார்த்தைகள் இருக்கின்றனவே, தொட்டுப் பார்க்க ஒன்றும் இல்லாததால் சோப்பு மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடுகின்றன. அர்த்தத்தைப் பத்துத் தடவை எழுதினாலும் மண்டையில் ஏறவில்லை. என் பக்கத்தில் ஒரு புதுப்பெண், புருஷன் வேலை பார்க்கும் ஊருக்குப் போகப் படிக்கிறாள், பட்டியலை மேலிருந்து கீழ் வரை ஒரே மூச்சில் ஒப்பிப்பாள். நடுவில் ஒரு வார்த்தையைக் கேட்டால் மட்டும் பாவம், வாய்ப்பாடு மாதிரி முதலிலிருந்து ஆரம்பித்தால்தான் அந்த இடத்துக்கு வந்து சேர முடியும். டீச்சருக்கு உன் வயதுதான் இருக்கும். "அர்த்தம் மட்டும் தெரிஞ்சு வச்சுக்கிட்டா அது பொட்டிக்குள்ள வச்ச துணிதாம்மா, உடுத்துனாதான் உங்களுது. உங்க வீட்டுக் கதையில போட்டுப் பேசுங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள்.

சரி என்று நானும் போட்டுப் பேசினேன். "உங்கள் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்?" என்பதுதான் முதல் பாடம். நான், என் கணவர், என் மகள் என்று புத்தகத்தில் இருந்ததை அப்படியே பார்த்துச் சொன்னேன், ரொம்ப சரி என்றாள். அப்பா போய் ஒரு வருஷம் ஆகிறது என்று அந்த அறையில் யாருக்குத் தெரியும்? நானும் திருத்தவில்லை. அதற்குப் பிறகு எந்தப் புது வார்த்தை கிடைத்தாலும் அதை அப்பா மேல்தான் போட்டுப் பார்த்தேன். என் கணவர் செய்தித்தாளைச் சத்தமாக வாசிக்கிறார், என் கணவர் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டே அதைத் தேடுகிறார். குறட்டை என்ற வார்த்தை வந்த அன்று நான் சொன்ன வாக்கியத்துக்கு வகுப்பே சிரித்தது. பின்வரிசையில் ஒரு டாக்ஸிக்காரர், "உங்க வீட்டுக்காரர ஒரு நாள் கூட்டிட்டு வாங்கக்கா, பாக்கணும் போல இருக்கு" என்றார். அவருக்கு ரொம்பக் கூச்சம், வரமாட்டார் என்று அந்த மொழியிலேயே பதில் சொன்னேன், அதற்கும் டீச்சர் பாராட்டினாள். எத்தனை வார்த்தை வந்தது தெரியுமா? பிடிவாதம், பொறுமை, அக்கறை எல்லாம் தொட்டுப் பார்க்க முடியாத வார்த்தைகள்தான், அவர் பெயரில் சொன்னதும் பசை போட்டது போல ஒட்டிக்கொண்டன. வகுப்பு முடிந்து வீட்டுக் கதவைத் திறக்கும்போதுதான் கால் கனக்கும்.

முதல் தடவை எழுத்துப் பரீட்சையிலேயே போய்விட்டது, அது உனக்குத் தெரியும். இந்தத் தடவை எழுத்தில் நல்ல மதிப்பெண். நேரில் பேசும் பரீட்சைதான் பாக்கி. சின்ன அறை, மேசை மேல் ஒரு கடிகாரம், எதிரில் ஓர் அதிகாரியம்மா, நல்ல முகம்தான். முதல் கேள்வியே வீட்டில் யார் யார் என்பதுதான். எனக்கா தெரியாது? மடமடவென்று நான், என் கணவர் என்று ஆரம்பித்து, அவர் தேநீர் போடுவது வரை சொல்லிக்கொண்டு போனேன். அந்த அம்மா என் விண்ணப்பத்தைப் புரட்டினார், ஓர் இடத்தில் விரலை வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். கணவர் இல்லை என்று நீதானே அதில் நிரப்பி அனுப்பியிருந்தாய். அதட்டவில்லை, அதே கேள்வியை இன்னும் மெதுவாக, குழந்தையிடம் கேட்பது போலத் திரும்பக் கேட்டார்.

சொல்ல வார்த்தை தெரியாமல் இல்லை. செடி வாடிச் செத்துப்போவதற்கு அவர்கள் ஒரு வார்த்தை சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், தண்ணீர் ஊற்றாததால் செடி செத்துவிட்டது என்று எழுதி நான் முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அப்பாவுக்கும் அதே வார்த்தைதான். நம் பேச்சில் தவறிட்டாங்க, போய்ட்டாங்க என்று கொஞ்சம் சுற்றி வளைத்துச் சொல்லலாம், அந்த மொழியில் அப்படி வளைத்துப் பேச எனக்குத் தெரியாது. யோசித்துப் பார்த்தால் அதுவரை நம் மொழியிலும் நான் யாரிடமும் சொன்னதில்லை, துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் உன் சித்தப்பாதான் சொன்னார். அந்த வார்த்தை தொண்டை வரை வந்தது, அதற்கு மேல் வரவில்லை. அந்த அம்மா தண்ணீர் கொடுத்தார், குடித்தேன். கடிகாரம் அடித்து நேரம் முடிந்துவிட்டது. இவ்வளவுதான் நடந்தது. இதில் வேண்டுமென்றே செய்தது எது என்று நீயே சொல்.

நேற்று சித்தப்பா வந்து சொட்டிக்கொண்டிருந்த குழாயைச் சரிசெய்து கொடுத்தார். "இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு அண்ணி இந்தப் படிப்பு, பேசாம இங்கயே இருங்களேன்" என்றார். எனக்கும் சமயத்தில் அப்படித்தான் தோன்றுகிறது, மறைக்கவில்லை. உடம்பு அசந்துபோகிறது. ஆனால் உன்னிடம் வர வேண்டும் என்ற ஆசை எனக்கு இருக்கிறது, நிறையவே இருக்கிறது. பயமும் இருக்கிறது. அங்கே வந்துவிட்டால், அந்த வகுப்பில் தினமும் என்னோடு வந்து உட்கார்ந்த மனிதரை எங்கே விட்டு வருவது என்று தெரியவில்லை. போகட்டும். அடுத்த தேர்வுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். டீச்சரிடமும் விஷயத்தைச் சொல்லிவிட்டேன், அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள், டாக்ஸிக்காரரிடம் இன்னும் சொல்லவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, இரும்புச்சத்து மாத்திரையைக் குமட்டுகிறது என்று தள்ளி வைக்காதே, இரவு வேலைக்குப் போகும் மாப்பிள்ளைக்காகக் காத்திருந்து தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. உனக்கும் குழந்தைக்கும் ஒரு குறையும் வராது, நல்லபடியாகப் பெற்று எழுந்திருப்பாய், அம்மா சொன்னால் பலிக்கும். முக்கியமான ஒன்று. இந்த ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது வேறு எதுவும் பேசாமல், உன் ஊர் மொழியிலேயே அந்த முதல் கேள்வியை என்னிடம் கேள். நான் பதில் சொல்கிறேன், கொஞ்சம் நேரமாகும். முழுதாகச் சொல்லி முடிக்கும் வரை நீ அழக்கூடாது, நீ அழுதால் எனக்கு வார்த்தை நின்றுவிடும்.

இப்படிக்கு,
உன் குழந்தையின் வரவுக்கும் என் வரவுக்கும் நடுவில் காத்திருக்கும்
அம்மா