கூண்டில் கிடைக்காத முட்டை

என் அருமைத் தோழிக்கு,

என் கணவர் என்னை விட்டு உன் வீட்டுக்கு வந்தபோது என் கோழிகளையும் பிடித்துக்கொண்டு வந்தார். இப்போது அவை முட்டையிடவில்லை, ஏன் என்று என்னிடமே கேட்டு எழுதியிருக்கிறாய். உன் துணிச்சலே துணிச்சல்!

வெளிச்சம் குறைந்தால் கோழி முட்டையிடுவதை நிறுத்தும். இறகு உதிர்க்கும்போதும் நிறுத்தும். ஆனால் உன் வீட்டில் அதெல்லாம் இல்லை.

"கோழிக்கு வயசாயிடுச்சு, விடு" என்கிறாராமே? என்னிடமும் அதையேதான் சொன்னார். நான் விடவில்லை. கூண்டுக்குள் விளக்குப் போட்டேன். யாரோ சொன்னார்களென்று தீவனத்தில் தினமும் மிளகாய்ப் பொடி கலந்தேன். அப்போதும் கூண்டு காலிதான்.

அந்தச் சமயத்தில்தான் உன் வீட்டுக்கு வந்தேன். "கடை முட்டைதான், சாப்பிட்டுப் போடி" என்று வாணலியில் உடைத்து ஊற்றினாய். மஞ்சள் கரு செக்கச்செவேலென்று இருந்தது. மிளகாய்ப் பொடி தின்ற கோழியின் முட்டை அப்படித்தான் இருக்கும். ஆம்லெட்டைத் தின்றுவிட்டு வந்தேன்.

உனக்குச் சிரமம் வேண்டாமென்று விடியும் முன்பே அவரே எழுந்து கூண்டைத் திறக்கிறார் என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். என் வீட்டிலும் அவர்தான் திறந்தார்.

கோழிகளை அறுத்துவிடாதே. பாவம், அவை ஒருநாளும் நிறுத்தியதில்லை. நீயும் மிளகாய்ப் பொடி கலந்து போடு. அப்புறம் உன் தோழிகள் யாராவது ஆம்லெட் போட்டுத் தந்தால், வாணலியை எட்டிப் பார்.

இப்படிக்கு,
உனக்கு முன்னால் ஏமாந்தவள்