அயல்நாட்டவர் கட்டணம்

நவம்பர் 4, செவ்வாய்

விடியவே மழையும் பனியும் கலந்து. எங்கள் அம்மருட் குடியிருப்புப் பாதை முழுக்க வழுக்கல். முதியோர் இல்லத்தில் இரண்டு பேர் சுகயீன லீவு, மூன்று பேர் வேலை என் தலையில்.

பின்னேரம் இலங்கை விசா வேலை, எனக்கும் மகள் அபிக்கும். அடுத்த கிழமை புதன் யாழ்ப்பாணத்தில் அக்காவுக்கு இதய ஒப்பரேஷன். அத்தானும் இல்லை, பிள்ளைகளும் இல்லை. பக்கத்தில் நிற்க ஆள் வேணும். நோர்வேக்கு வந்த பிறகு நான் ஒருதரம்கூடத் திரும்பிப் போகவில்லை. அபி தன் பெரியம்மாவைப் போனில்தான் கண்டிருக்கிறாள்.

விசாப் பக்கம் முழுக்க ஆங்கிலம். அபி யூனிவேர்சிட்டியில். மேல்மாடிக் கவிதாவுக்குப் போன் எடுத்தேன். மதுரைப் பிள்ளை, கம்ப்யூட்டர் வேலை.

"ரெண்டு கட்டணம் இருக்கும்க்கா. நீங்க அயல்நாட்டுக்காரங்க, அதைப் போட்டுடுங்க."

தேடினேன். இந்தியா, நேபாளம், மாலைதீவு என்று அயலில் இருக்கிற நாடுகளுக்கு ஒரு கட்டணம். இரண்டு பேருக்கும் அதையே போட்டேன். பாஸ்போர்ட் நோர்வே என்று கீழே எழுதினேன். நினைத்ததைவிட மலிவு. அதில் ஒரு சந்தோஷம் வேறு.

வாங்க: பால், கறிவேப்பிலை, அக்காவுக்கு மீனெண்ணெய்க் குளிசை.

நவம்பர் 5, புதன்

லிஃப்டில் கவிதா. மலிவாய் முடிந்த கதையைச் சொன்னேன். முகம் மாறிவிட்டது.

"ஐயோ அக்கா! அயல்நாடுன்னா வெளிநாடு. நார்வேல இருந்து போறவங்களுக்கு உள்ளதைப் போடச் சொன்னேன்."

"எங்களுக்கு அயல் எண்டால் பக்கம், பிள்ளை. பக்கத்து வீட்டுக்காரரைத்தானே அயலவர் எண்டுறது."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். வீட்டுக்குள் வந்து கதவைப் பூட்டின பிறகு விண்ணப்பத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன்.

பிறந்த இடம் யாழ்ப்பாணம். பாஸ்போர்ட் நோர்வே. கட்டினது இந்தியாக்காரரின் கட்டணம். பொய் சொல்லி உள்ளே வரப் பார்க்கிறாள் என்று நினைக்க வேறென்ன வேணும்?

அண்ணாவின் அடையாள அட்டையிலும் ஒரு எழுத்துத்தான் பிழை. சண்டைக் காலத்தில் ஆமிச் சோதனைச் சாவடியில் அவரைப் பஸ்ஸால் இறக்கினார்கள். நீ போ என்று அண்ணா எனக்குக் கை காட்டினார். பஸ் புறப்பட்டுவிட்டது. அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

இரவுச் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்தேன்.

நவம்பர் 6, வியாழன்

அபியிடம் சொன்னேன். அவளுக்குப் பகிடி.

"ஸ்லாப் அவ், பதறாதையுங்கோ அம்மா. ஒரு பிழையான கிளிக். திருப்பிப் போட்டால் சரி."

"எயார்போட்டிலை தனி அறைக்குள்ளை கொண்டுபோனால்?"

"இப்ப சண்டை இல்லை அம்மா."

"அறை இருக்குத்தானே!"

கத்திவிட்டேன். பாவம், இரண்டு பேருக்கும் புதிதாக விண்ணப்பம் போட்டாள். சரியான கட்டணம். பிழைக்கு விளக்கமும் எழுதினாள்.

வேலையில் ஒரே ஆளுக்கு இரண்டு தரம் கோப்பி கொடுத்தேன். அவர் இரண்டையும் குடித்தார்.

நவம்பர் 8, சனி

அபிக்கு அனுமதி வந்துவிட்டது. எனக்குப் "பரிசீலனையில்". நாளைக்குப் பயணம்.

"அப்ப நான் போறன்," என்றாள்.

"தனியவோ? வேண்டாம்."

"பெரியம்மா தனியத்தானே படுத்திருக்கிறா?"

அக்காவுக்குப் போன் எடுத்தேன். "பிள்ளை வந்தால் காணும், நீ பதறாதை" என்றா. அவவுக்கே மூச்சு வாங்குது.

நவம்பர் 9, ஞாயிறு

விமான நிலையத்தில் வரிசையில் நிற்கும்போது அபிக்குச் சொன்னவை: அங்கே இங்கிலிஷில் கதை. ஆமிக்காரரைப் படம் எடுக்காதே. மாமாவைப் பற்றிக் கேட்டால் தெரியாது என்று சொல்.

"எனக்கு உண்மையிலும் மாமாவைத் தெரியாதுதானே," என்றாள்.

வீட்டில் ஹீட்டர் போட்டும் குளிர். அவளுடைய ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு இருக்கிறேன்.

நவம்பர் 10, திங்கள்

வேலைக்குச் சுகமில்லை என்று சொன்னேன். பொய்யில்லை.

அபி போன் எடுத்தாள். கொழும்பில் வெளியே வந்துவிட்டாள்!

"என்ன கேட்டவங்கள்?"

"எத்தினை நாள் எண்டு. ஒருத்தர் தமிழிலை, தனியவோ வந்தனீர் எண்டு கேட்டார். அம்மா பின்னாலை வாறா எண்டு சொன்னன்."

அழுகை வந்தது. பிறகு பசி வந்தது. பாண் சாப்பிட்டேன்.

மத்தியானம் போனில் ஒரு சத்தம். எனக்கும் அனுமதி. பெயர் சரி, பிறந்த இடம் சரி, நாடு நோர்வே, கட்டணம் சரி. பிழை ஒன்று இருக்கும் என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. இன்றிரவு விமானத்தில் இடமும் இருக்குது. ஏறினால் ஒப்பரேஷனுக்கு முன் போய்ச் சேரலாம்.

பின்னேரம் அபி திரும்ப எடுத்தாள். அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாளாம்.

"அனுமதி வந்திட்டுதோ அம்மா?"

இன்னும் இல்லை என்று சொன்னேன்.