அளவுக் கரண்டி

அன்புள்ள சுண்டுவுக்கு,

நலமா என்று கேட்க மாட்டேன். நலமாக இல்லாததால்தானே பால்பொடி டின்னைப் பார்சல் கட்டி என் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினாய். புது டின்னுக்குள் புதைந்திருக்கும் கரண்டியைத் தேடி எடுத்து அதாலேயே அளந்து போடச் சொல்லி இன்று போனில் உன் மாமியாரிடம் சொன்னேன். பாப்பாவை உடனே டாக்டரிடம் காட்டவும் சொன்னேன். நாளை மறுநாள்தான் நேரம் கிடைத்திருக்கிறதாம். அதற்குள் உன் கைக்கு வர வேண்டும் என்றுதான் இதைக் கூரியரில் அனுப்புகிறேன். போனிலேயே காரணம் கேட்டார். ஸ்பீக்கரில் போட்டுக் கூடமே கேட்டுக்கொண்டிருந்தது தெரிந்தது, எழுதுகிறேன் என்று நழுவிவிட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு படி.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். நீ அனுப்பிய பொடியில் ஒரு குறையும் இல்லை.

உனக்கு எப்படி இருக்கும் என்று தெரியும். பொடி மோசம்னு ஒரு வரி எழுதிக் குடு அக்கா, அது போதும் என்று கெஞ்சியிருந்தாய். பாப்பா எடை ஏறாமல் இளைத்துக்கொண்டே போகிறாள், இவள் பிள்ளைக்குப் பால் கலக்கத் தெரியாதவள் என்று சொல்லி, பாப்பாவை உன் நாத்தனார் வீட்டில் விட்டு வளர்க்கப் போகிறார்களாமே. உன் வீட்டுக்காரர் வாயே திறக்கவில்லையாமே. அதைப் படித்ததிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. பொடி கெட்டதாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேதான் டின்னைத் திறந்தேன். இத்தனை வருஷத்தில் சோதனைக்கு வந்த ஒரு மாதிரியைப் பற்றி நான் அப்படி நினைத்ததே இல்லை.

பொடியை அமிலத்தில் போட்டு, கறுத்துப் போய்ப் பின் தெளியும்வரை காய்ச்சிப் புரதம் பார்த்தேன். டின்னில் அச்சடித்திருந்த அளவு அப்படியே வந்தது. கொழுப்பு சரி, பால் சர்க்கரை சரி, எரித்தபின் மிஞ்சும் சாம்பல்கூடச் சரி. மாவு கலந்திருந்தால் அயோடின் பட்டதும் நீலமாகும், ஆகவில்லை. புரதக் கணக்கை ஏமாற்றுவதற்காகச் சிலர் சேர்க்கும் ரசாயனத்தையும் தனியாகத் தேடினேன், அதுவும் இல்லை. மனசு கேட்காமல் புரதத்தை மறுபடி பார்த்தேன். அதற்கு மேலும் ஒரு தடவை பார்த்தேன். எங்கள் தலைமை ஆய்வாளர் அம்மாவை முதுகுக்குப் பின்னால் தராசு என்போம், நிறுத்துப் பார்க்காமல் எதையும் நம்ப மாட்டார். அவர் பக்கத்தில் வந்து நின்று, என்ன ரிசல்ட் வரணும்னு முடிவு பண்ணிட்டு வந்திருக்கியா என்று கேட்டார். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது.

மிச்சப் பொடியைத் தட்டில் கொட்டியபோதுதான் டின்னின் அடியிலிருந்து ஒரு கரண்டி விழுந்தது. பொடி அப்பிக்கொண்டு, யார் கையும் படாமல் கிடந்திருக்கிறது. நீயோ வேறொரு கரண்டியை வெந்நீரில் கொதிக்க வைத்துத் துடைத்துத் தனிக் கவரில் அனுப்பியிருந்தாய். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். தராசு அம்மா இரண்டிலும் பொடியைத் தலைதட்டி நிறுத்தார். உன் கரண்டி பிடிப்பது மற்றதில் சரிபாதி.

அது ஆஸ்பத்திரியில் கொடுத்த முதல் டின்னோடு வந்த கரண்டிதானே? அது வேறு கம்பெனி. கம்பெனிக்குக் கம்பெனி கரண்டி மாறும் என்று யார் உனக்குச் சொன்னார்கள்? புது டின்னில் கரண்டி உள்ளே புதைந்துவிட்டது, துழாவினால் கிருமி சேரும் என்று, கையில் சுத்தமாக இருந்த பழையதாலேயே போட்டிருக்கிறாய். எத்தனை கரண்டி என்பதை மட்டும் புது டின்னைப் பார்த்து எண்ணியிருக்கிறாய். டின்னுக்குள் விரல் படக் கூடாது என்று உனக்குப் பாடமெடுத்த மகராசியும் நான்தான். அலட்சியமானவள் இந்தத் தப்பைச் செய்திருக்கவே மாட்டாள் சுண்டு. விரலை விட்டுக் கரண்டியை எடுத்துப் போட்டுக்கொண்டு போயிருப்பாள்.

ஆக, பாப்பா இத்தனை வாரமாகக் குடித்தது பாதிப் பால். வயிறு நிறைந்தது, உடம்பில் ஒட்டவில்லை. இப்பல்லாம் அழறதே இல்லக்கா, சமத்தா தூங்கறா என்று சந்தோஷமாக எழுதியிருந்தாய். அந்த வரியை இப்போது மறுபடி எடுத்துப் படித்தேன். அழத் தெம்பில்லாத பிள்ளையும் பார்க்கச் சமத்தாகத்தான் இருக்கும்.

நீ கேட்ட அந்த ஒரு வரியை எழுதிவிடலாமா என்று யோசித்தேன். பேனா வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அதை நம்பினால் டாக்டர் பொடியில் இல்லாத விஷத்தைத் தேடிக்கொண்டிருப்பார், பட்டினி கிடந்த பிள்ளைக்குச் செய்ய வேண்டியதைச் செய்ய மாட்டார். இங்கே ஒரு குழந்தை மருத்துவரைக் கேட்டேன். தண்ணீர் அதிகமானதில் உடம்பில் உப்பு குறைந்திருக்கலாம், ரத்தம் பார்க்க வேண்டும் என்றார். அதனால் கரண்டி விஷயத்தை டாக்டரிடம் ஒளிக்காதே. தேறிவிடுவாளா என்று கேட்டேன். பெரும்பாலும் தேறிடும் என்றார். அந்தப் பெரும்பாலும் என்ற சொல்லை நான் விழுங்கியிருக்கலாம், உன்னிடம் முடியவில்லை.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுக்கொண்டு வருகிறேன். கூடத்தில் எல்லோர் முன்னாலும் இரண்டு கரண்டியையும் வைத்து நானே பேசுகிறேன். யார் என்ன சொன்னாலும் என்னைச் சொல்லட்டும். உன் வீட்டுக்காரரையும் அன்றைக்கு வீட்டில் இருக்கச் சொல், அவர் வாயைத் திறக்காமல் நான் கிளம்பப் போவதில்லை.

என்னைத் தூங்கவிடாதது வேறொன்று. இனிமே பாலை நான்தான் கலக்கப் போறேன், அவ கை படவே வேண்டாம் என்று உன் மாமியார் போனில் சொன்னார். பின்னாலிருந்து, சரிங்க அத்தை என்று உன் குரல் கேட்டது. சின்ன வயதிலிருந்து ஒன்றுக்கும் லேசில் சரி சொல்லாதவள் நீ. பாப்பாவை இன்றைக்கே கொடுத்துவிட்டது போல இருந்தது அந்தக் குரல். நீயே அப்படி ஒதுங்கிக்கொண்டால், நான் வந்து யாரிடம் என்ன பேசி என்ன?

எனக்காக ஒன்றே ஒன்று செய். இதைப் படித்ததும் எழுந்து போய் அடுத்த பாலை நீயே கலக்கு. அத்தை தடுத்தால், அக்கா சொன்னாள் என்று சொல். புது டின்னுக்குள் இருக்கும் பெரிய கரண்டியில் தலைதட்டிப் போட்டு, பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு நீயே கொடு, என் தங்கமே.

உன் அக்கா